கேளுங்கோ, சொல்கிறேன்

கேள்வி: நுவரெலியா ஏப்ரல் குதிரைப் பந்தயம் பார்த்த நாளிலிருந்து என் 14 வயது மகனுக்கு ஜொக்கியாகும் ஆசை. அவர்கள் பட்டினி கிடப்பார்களாமே, உண்மையா?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: உண்மைதான் தங்கச்சி. நானும் சில காலம் குதிரை ஓட்டியவன். குறித்த எடையைத் தாண்டக் கூடாது என்பதால், பந்தயத்துக்கு முன் சேணத்தைக் கையில் ஏந்தித் தராசில் ஏற வேண்டும். ஓடி முடித்ததும் மறுபடி. பந்தயத்துக்கு முதல் நாள் எனக்கு ஒரு துண்டுப் பாண், சீனியில்லாத பிளேன்டீ. அப்புறம் இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஓட்டம், வெந்நீர்த் தொட்டி. ஒன்றரைக் கிலோ குறையும். அத்தனையும் தண்ணீர், கொழுப்பில்லை! ஒருமுறை கடிவாளம் பிடித்த விரல்கள் மரக்கட்டையாகி, விரிக்கவே முடியவில்லை.

ஜொக்கி சேணத்தில் உட்காருவதில்லை. மிதிபடியில் குந்தியே ஓட்டுவார், தொடைதான் என்ஜின். அதுக்குச் சாப்பாடு வேண்டாமா? தொடர் பட்டினியால் எலும்பு மெலியும், விழுந்தால் முறியும். சிலர் தின்றதை வாந்தியெடுப்பார்கள். அந்த அமிலம் பல்லை அரிக்கும்.

இங்கிலாந்தின் ஃபிரெட் ஆர்ச்சர் 13 முறை சாம்பியன் ஜொக்கி, நெடிய மனிதர். பேதி மருந்து குடித்தே எடை குறைத்தார். 1886இல் காய்ச்சலில் கிடந்தபோது உயிரை மாய்த்துக்கொண்டார், வயது 29.

எனக்கு மிஞ்சியது இரண்டு தரம் வந்த சிறுநீரகக் கல்.

மகனின் சப்பாத்து அளவைப் பாருங்கோ. இப்போதே எட்டு, ஒன்பது என்றால் ஆள் இன்னும் வளருவான். எடையோடு மல்லுக்கட்ட வேண்டாம், குதிரையேற்றம் மட்டும் பழகட்டும்.