படகு டிரெய்லர் பிரேக்: கேள்விகளும் பதில்களும்

ஆஸ்திரேலியாவில் படகு வாங்கி வார இறுதியில் மீன்பிடிக்கச் செல்லும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, டிரெய்லர் பட்டறை நடத்துபவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். பிரேக் தொடர்பானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எஞ்சின், மீன் தேடும் கருவி பற்றியெல்லாம் கேட்டவர்கள் பொறுத்தருள்க.

கேள்வி: படகோடு சேர்த்து என் டிரெய்லர் 1,400 கிலோ. நெடுஞ்சாலையில் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் படகை நீரில் இறக்கும் ரேம்பில் பின்னால் தள்ளும்போது சக்கரம் இறுகி நின்றுவிடுகிறது. கேலிப்பரை (பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பகுதி) மாற்ற வேண்டுமா?

பதில்: எதையும் மாற்ற வேண்டாம். உங்களுடையது ஓவர்ரைடு வகை. காரில் பிரேக் போட்டதும் டிரெய்லர் தன் வேகத்தில் முன்னால் வந்து காரை முட்டுகிறது. அந்த முட்டலில், டிரெய்லரைக் காரோடு இணைக்கும் கப்ளிங்கின் தண்டு உள்ளே சறுக்கி, கேபிளை இழுக்கிறது அல்லது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை அழுத்துகிறது. பின்னால் தள்ளும்போதும் அதே தண்டு அதே போல உள்ளே போவதால், பிரேக் போட்டதாகவே அது எடுத்துக்கொள்கிறது. இதைத் தடுக்கத்தான் கப்ளிங்கின் மேல் மடக்கக்கூடிய ஒரு சிறு இரும்புத் தகடு இருக்கிறது. அதை மடக்கிவிட்டால் தண்டு நகராது. நீங்கள் நிம்மதியாகப் பின்னால் எடுக்கலாம்.

ஆபத்து அதற்குப் பிறகுதான். சில கப்ளிங்குகளில் வண்டி முன்னால் நகர்ந்ததும் தகடு தானாக விலகிவிடும்; பலவற்றில் இறங்கிப் போய்க் கையால்தான் எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்து சாலைக்கு வந்துவிட்டால் டிரெய்லருக்குப் பிரேக்கே கிடையாது. “நேற்றுவரை பிடித்த பிரேக் இன்று பிடிக்கவில்லை” என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இந்தத் தகட்டைத்தான்.

கேள்வி: சிறிய அலுமினியப் படகுக்கும் பிரேக் கட்டாயமா?

பதில்: சாமான்களோடு காரில் மாட்டிய நிலையில் டிரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் எடையே கணக்கு. ஒற்றை அச்சு டிரெய்லரில் அது 750 கிலோவுக்குள் இருந்தால் பிரேக் தேவையில்லை. அதற்கு மேல் 2,000 கிலோ வரை ஓவர்ரைடு போதும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையிலிருந்தே அதை இயக்க முடிய வேண்டும். டிரெய்லர் காரிலிருந்து கழன்றுபோனால் பிரேக் தானாகச் செயல்பட்டு, குறைந்தது 15 நிமிடமாவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். எடையை உத்தேசமாகச் சொல்லாதீர்கள். பெட்ரோல், ஐஸ் பெட்டி, நங்கூரம் எல்லாவற்றோடும் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள்.

கேள்வி: என்னுடையது ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். இடது சக்கரம் மட்டும் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது. பேடு மாற்றியும் சரியாகவில்லை.

பதில்: பேடு என்ன பாவம் செய்தது? பேடைத் தள்ளுவது எதுவோ, அது திரும்பி வரவில்லை. எதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இடது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் அந்தக் கேலிப்பரின் பிளீடர் திருகை (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் திருகு) சற்றே திறவுங்கள். பிரேக் ஆயில் பீறிட்டு வந்து சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அந்தச் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் குழாய் உட்புறம் உப்பி, போன ஆயிலைத் திரும்ப விடாமல் அடைத்திருக்கும். வெளியே பார்த்தால் குழாய் புதிதுபோலவே இருக்கும். திருகைத் திறந்தும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால் கேலிப்பரைக் கழற்றுங்கள். பேடைத் தள்ளும் பிஸ்டனோ, கேலிப்பர் சறுக்கி நகரும் ஸ்லைடு பின்னோ உப்பில் துருவேறிச் சிக்கியிருக்கும். ஸ்லைடு பின்னைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கு என்றே விற்கும் கிரீஸைப் பூசினால் பல நேரம் அதுவே போதும். பியரிங்குக்குப் போடும் கிரீஸை அங்கே போட்டால் ரப்பர் உப்பிவிடும்.

இரண்டு சக்கரங்களும் ஒருசேரச் சூடானால் பின்னால் தேடாதீர்கள். கப்ளிங் தண்டு முழுதாக வெளியே வருகிறதா, ஹேண்ட்பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று முன்னால் பாருங்கள்.

கேள்வி: குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் நின்ற டிரெய்லரை இழுத்தால் சக்கரம் சுற்றாமல் தேய்ந்துகொண்டே வருகிறது.

பதில்: ஹேண்ட்பிரேக்கைப் போட்டு நிறுத்தியிருக்கிறீர்கள். பேடும் டிஸ்க்கும் துருவால் ஒட்டிக்கொண்டன. சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கின் ஓரத்தில் மரச் சுத்தியலால் தட்டி விடுவியுங்கள். அதன்பின் டிஸ்க்கில் குழி விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இனி நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், ஹேண்ட்பிரேக்கைத் தொடாதீர்கள்.

கேள்வி: என் டிரெய்லரும் மூன்று மாதம் நின்றது, சக்கரம் சுற்றவில்லை…

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள். ஹேண்ட்பிரேக்.

கேள்வி: புதிய கேலிப்பர் மாட்டி எவ்வளவு முறை ஏர் எடுத்தாலும் (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றினாலும்) பிரேக் பஞ்சுபோல அமுங்குகிறது.

பதில்: பிளீடர் திருகு கேலிப்பரின் உச்சியில் இருக்கிறதா, அடியில் இருக்கிறதா? அடியில் இருந்தால் இடது கேலிப்பரை வலப்பக்கம் மாட்டிவிட்டீர்கள். காற்று மேலேதான் தங்கும். ஆண்டு முழுவதும் ஏர் எடுத்தாலும் அது வராது. இடம் மாற்றி மாட்டி, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்குங்கள்.

கேள்வி: உப்புநீரில் இறக்கியபின், துருவைத் தடுக்க லானோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) ஸ்பிரே அடிக்கலாமா?

பதில்: போல்ட், ஸ்பிரிங், சட்டம் எல்லாவற்றிலும் அடிக்கலாம். டிஸ்க்கிலும் பேடிலும் ஒரு துளியும் படக்கூடாது. முதலில் நல்ல தண்ணீரால், கேலிப்பரின் உட்புறத்தில் பீய்ச்சிக் கழுவுங்கள். ஒரே இரவில் டிஸ்க்கில் படரும் செந்துருவைக் கண்டு பதற வேண்டாம். நாலைந்து முறை பிரேக் போட்டால் போய்விடும்.

கேள்வி: 2,300 கிலோ டிரெய்லருக்கு எலெக்ட்ரிக் டிரம் பிரேக் மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?

பதில்: கேரவனுக்குப் போடுங்கள். டிரம்முக்குள் புகுந்த உப்புநீரும் மணலும் எளிதில் வெளியேறாது. காந்தமும் வயரும் விரைவில் அரித்துப்போகும். படகுக்கு ஹைட்ராலிக் டிஸ்க்கும், அதை அழுத்த முன்சட்டத்தில் உயரமாகப் பொருத்திய மின்சாரப் பம்பும்தான் சரி.

கேள்வி: பட்டறைக்கு வருபவர்களுக்கு நீங்கள் டாட் 4 என்ற வகை பிரேக் ஆயிலையே பரிந்துரைக்கிறீர்கள். அது தண்ணீரை உறிஞ்சும். சிலிக்கோன் வகையான டாட் 5 உறிஞ்சாது. படகுக்கு அதுதானே பொருத்தம்?

பதில்: கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆயில் உறிஞ்சாவிட்டால் உள்ளே புகுந்த தண்ணீர் எங்கே போகும்? டாட் 4 அதைத் தன்னுள் கலந்துகொள்கிறது. புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும் அது, ஈரம் ஏறியபின்னும் 155 டிகிரிக்குக் குறையக்கூடாது என்பது தரவரையறை. சிலிக்கோனிலோ தண்ணீர் தனித் துளியாகப் பிரிந்து தாழ்வான இடத்தில் தேங்கும். தாழ்வான இடம் கேலிப்பர். அதிகம் சூடாவதும் அதுவே. அந்தத் துளி 100 டிகிரியை ஒட்டியே கொதித்து ஆவியாகும், அதுவரை பிஸ்டனை அரித்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: மேற்படி பதிலை ஏற்கமாட்டேன். நான் பல ஆண்டுகளாக டாட் 5 ஊற்றுகிறேன். பிஸ்டன் பளபளவென்று இருக்கிறது.

பதில்: இருக்கும். உங்கள் சீல்கள் நன்றாக இருப்பதால் தண்ணீர் உள்ளே வரவில்லை. அந்த நிலையில் டாட் 4 ஊற்றியிருந்தாலும் பிஸ்டன் பளபளவென்றுதான் இருந்திருக்கும். பெயின்ட்டைக் கெடுக்காது என்ற அளவில் சிலிக்கோனுக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கிறேன். காற்றைத் தன்னுள் வைத்துக்கொண்டு ஏர் எடுப்பவரை வதைப்பதற்காக அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அப்படியானால் டாட் 5.1 ஊற்றிச் சமரசம் செய்துகொள்ளலாமா?

பதில்: அது சிலிக்கோனே இல்லை; டாட் 4-இன் குடும்பம். தாராளமாக ஊற்றலாம். ஆனால் டாட் 5-ஐ இவை எதனோடும் கலக்கக்கூடாது. விடாப்பிடியாக மாறத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் உங்கள் மாஸ்டர் சிலிண்டர் தயாரிப்பாளர் டாட் 5-ஐ அனுமதிக்கிறாரா என்று பாருங்கள். அனுமதித்தால் பழைய ஆயிலை முழுதாக வடித்து, குழாய்களையும் சீல்களையும் புதிதாக மாட்டிய பிறகு ஊற்றி, மூடியின்மேல் எந்த ஆயில் என்று அழியாத மையில் எழுதிவையுங்கள். இல்லையென்றால் ஆண்டுக்கொருமுறை டாட் 4-ஐ மாற்றுங்கள்; ஒரு பாட்டிலின் விலைதான்.