மாடலில் குறிப்பை எங்கே வைப்பது, எதோடு கட்டுவது? (கேள்வி பதில்)

கணினியில் வரையும் கேட் மாடலில் டைமென்ஷன் (அளவுக் குறி), லீடர் (அம்புக் கோடு), டேக் (பொருளோடு கட்டிய பெயர்ச்சீட்டு), டெக்ஸ்ட் இவற்றைப் பொருத்துவது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையவே வந்துவிட்டன. பதிலுக்கு முன்னால் ஒன்று. எழுத்து திரையில் நிற்கும் இடம் வேறு, அது மாடலில் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது வேறு. வந்த கேள்விகளில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வந்தவை.

கேள்வி: ஆட்டோகேடில் கோட்டை நீட்டினால் டைமென்ஷன் பழைய இடத்திலேயே நிற்கிறது சார். முன்பெல்லாம் கூடவே வரும்.

பதில்: டிம்அசோக் (டைமென்ஷன் இணைப்பைத் தீர்மானிக்கும் செட்டிங்) மதிப்பைப் பாருங்கள், 2 இருக்க வேண்டும். 1 என்றால் டைமென்ஷன் முழுசாக இருக்கும், ஆனால் கோட்டோடு இணைப்பு இருக்காது. 0 என்றால் போடும்போதே கோடு, அம்பு, எழுத்து என்று தனித்தனியாக உடைந்துதான் விழும். இந்த மதிப்பு டிராயிங் ஃபைலுக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது, அதனால் வேறொருவர் அனுப்பிய ஃபைலைத் திறந்தால் அவர் வைத்ததுதான் உங்களுக்கும். 2 ஆக்கினால் இனிமேல் போடுபவை சரியாக இருக்கும், ஏற்கெனவே போட்டவை தானாக மாறாது. அவற்றுக்கு டிம்ரீஅசோசியேட் கட்டளையை ஓட்டுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு பெருக்கல் குறி தெரியும். அதைச் சுற்றிக் கட்டம் இருந்தால் அந்தப் புள்ளி இணைந்திருக்கிறது, வெறும் குறி மட்டும் என்றால் இல்லை. அப்புறம், அனோமானிட்டர் என்ற கண்காணிப்பை எப்போதும் ஆன் செய்தே வையுங்கள். இணைப்பு அறுந்த டைமென்ஷன் மேல் மஞ்சளில் ஒரு ஆச்சரியக்குறி வந்து நிற்கும், தேடவே வேண்டாம்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: டைமென்ஷனை எக்ஸ்புளோட் செய்யாதீர்கள், அதாவது துண்டு துண்டாக உடைக்காதீர்கள். எழுத்தைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும் என்பதற்காகச் செய்கிறார்கள். கிரிப் என்ற சின்னக் கட்டத்தைப் பிடித்து இழுத்தாலே எழுத்து நகரும், இணைப்பும் அப்படியே இருக்கும்.

கேள்வி: மாடலில் சரியாக இருக்கும் எழுத்து லேஅவுட்டில் (அச்சிடும் தாளில்) ஒரு வியூபோர்ட்டில் (மாடலைக் காட்டும் சன்னலில்) பெரிதாகவும் இன்னொன்றில் பொடியாகவும் தெரிகிறது.

பதில்: அனோடேட்டிவ் ஸ்டைல் வையுங்கள், அதாவது ஸ்கேலுக்கு ஏற்ப அளவு மாறும் எழுத்து. தாளில் 2.5 மிமீ உயரம் என்று சொல்லிவிட்டால் 1:50 வியூபோர்ட்டில் அது மாடல் அளவில் 125 ஆகவும் 1:20-இல் 50 ஆகவும் தானே மாறிக்கொள்ளும். ஆனால் எந்தெந்த ஸ்கேலில் தெரிய வேண்டுமோ அத்தனையையும் அந்த எழுத்தோடு சேர்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்கேலுக்கும் எழுத்துக்குத் தனி இடம் உண்டு என்பதையும் மறந்துவிடாதீர்கள், 1:50-இல் நகர்த்தியது 1:20-இல் நகராது. எல்லாம் கலைந்துவிட்டால் அனோரீசெட் கட்டளை கொடுங்கள், இப்போதைய ஸ்கேலில் எங்கே இருக்கிறதோ மற்றவையும் அங்கேயே வந்து சேரும்.

கேள்வி: 40 வர வேண்டிய இடத்தில் 39.98 வருகிறது. எழுத்தைத் தட்டி 40 என்று அடித்துவிட்டேன். தப்பா அண்ணே?

பதில்: தப்பு தம்பி. நாளைக்கு அந்த நீளம் 45 ஆனாலும் அது 40 என்றே சொல்லிக்கொண்டிருக்கும், பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. 39.98 வருகிறது என்றால் வரைந்ததில் பிழை இருக்கிறது, அதைச் சரிசெய்யுங்கள். முன்னாலோ பின்னாலோ சொல் சேர்க்க வேண்டும் என்றால் <> குறியை விட்டுவைத்து அதன் பக்கத்தில் எழுதுங்கள், அந்தக் குறி இருக்கிற இடத்தில் உண்மையான அளவு வந்து உட்காரும்.

கேள்வி: 3டி பார்ட்டில் ஃபில்லட் (விளிம்பை உருட்டி வளைப்பது) போட்டதும் டிராயிங்கில் பாதி டைமென்ஷன் நிறம் மாறித் தொங்குகிறது. எட்ஜோடு (விளிம்புக் கோட்டோடு) கட்டியதுதான், ஏன் அறுகிறது?

பதில்: எட்ஜோடு கட்டியதால்தான். 100 மிமீ நீளத் தட்டு, இடது ஓரத்திலிருந்து துளை மையத்துக்கு 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓரத்தின் மேல் விளிம்பில் 3 மிமீ ஃபில்லட் போட்டவுடன் நீங்கள் பிடித்திருந்த எட்ஜ் இல்லாமலே போய்விடுகிறது. அது இருந்த இடத்தில் ஒரு வளைந்த ஃபேஸ் (பரப்பு), அதற்கு இரண்டு புது எட்ஜ். டைமென்ஷனுக்குப் பிடி போச்சு. சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி மென்பொருளில் அந்தப் பழுப்பு கலந்த பச்சை நிறம் அதைத்தான் சொல்கிறது, சிவப்புக் கைப்பிடியை இழுத்து வேறு எட்ஜில் விட்டால் திரும்ப ஒட்டும். ஆனால் பக்கவாட்டு ஃபேஸ் எங்கும் போகவில்லை, கொஞ்சம் வெட்டுப்பட்டு அங்கேயே நிற்கிறது. ஃபேஸோடு கட்டியிருந்தால் 40 அப்படியே இருந்திருக்கும்.

கேள்வி (அவரே மறுபடி): டிராயிங் வியூவில் கோடுதானே தெரிகிறது, ஃபேஸை எப்படிப் பிடிப்பது? அதோடு ஃபில்லட் வந்தால் டைமென்ஷன் அறுவதே நல்லது என்பேன். யாராவது கவனிப்பார்கள்.

பதில்: நல்ல கேள்வி, இரண்டாவது பாதி ரொம்பவே நல்ல கேள்வி. முதலில் எளிதானது: டைமென்ஷனை 3டி மாடலிலேயே ஃபேஸுக்குப் போட்டு டிராயிங்குக்கு இறக்குங்கள். அது முடியாத இடத்தில், இனிமேல் ஃபில்லட் வராது என்று தெரிந்த கீழ் எட்ஜைப் பிடியுங்கள்.

அறுவது நல்லது என்பதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். சத்தமாக அறுவது, சத்தமில்லாமல் தப்பான இடத்தில் ஒட்டிக்கொள்வதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் எப்போதும் சத்தமாக அறுவதில்லையே. அதே தட்டில் டைமென்ஷன் ஃபில்லட்டின் உள் எட்ஜுக்குத் தாவிவிட்டால் 37 என்று காட்டும், நிறமும் மாறாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மென்பொருள் உருவத்தைப் புதிதாகக் கட்டுகிறது, பழைய எட்ஜ் புதியதில் எது என்று அடையாளம் கண்டுபிடித்தாக வேண்டும். எட்ஜுக்கு வரிசை எண் மட்டும் பெயராக இருந்தால், முன்னால் ஒரு துளை சேர்த்ததுமே எண்கள் தள்ளிப்போய் 7-ஆம் எட்ஜ் என்று கட்டியது வேறொன்றைப் பிடித்துக்கொள்ளும். ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருள் பல வருடம் பட்ட பாடு இதுதான், 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில்தான் பெருமளவு தணித்தார்கள்.

கேள்வி (இடையில் இன்னொருவர்): எதற்கு இந்தச் சண்டை? டேட்டம் பிளேனோடு (ஆதாரத் தளத்தோடு) கட்டுங்கள், அறவே அறாது.

பதில்: அறாது, உண்மை. அதுதான் எனக்குப் பயம். தட்டின் ஓரம் 5 மிமீ வெளியே போய், பிளேன் பழைய இடத்திலேயே நின்றால் டைமென்ஷன் சுத்தமாக 40 என்று காட்டும், உலோகத்தில் அளந்தால் 45 இருக்கும். பிளேன் அந்த ஃபேஸிலிருந்தே பிறந்ததாக இருந்தால் தாராளமாகக் கட்டுங்கள், காற்றில் மிதக்கிற பிளேனோடு வேண்டாம்.

எட்ஜ் நண்பர் இன்னொரு தடவை எழுதியிருக்கிறார், அறுந்ததைச் சரிசெய்வதும் வேலையின் பகுதிதான் என்று. ஒன்றிரண்டு என்றால் சரி. ஒரு ஷீட் நிறைய அந்த நிறம் வந்துவிட்டால் யாரும் ஒவ்வொன்றாக யோசித்து ஒட்டுவதில்லை, கைக்கு எட்டின கோட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். கவனிப்பார்கள் என்ற உங்கள் நம்பிக்கை அங்கேதான் உடைகிறது. ஃபேஸோடு கட்டினால் அறுபவை குறையும், குறைந்தால் ஒவ்வொன்றையும் மதிப்பார்கள்.

கேள்வி: லேஅவுட்டில் எழுத்து மட்டும் சின்னதாக...

பதில்: மேலே இரண்டாவது பதில்.

கேள்வி: ரெவிட்டில் (கட்டட மாடல் மென்பொருள்) கதவை நகர்த்தினால் பக்கத்தில் எழுதிய குறிப்பு வரவில்லை. லீடர் வெறும் சுவரைக் காட்டுகிறது.

பதில்: டெக்ஸ்ட் நோட் போட்டிருக்கிறீர்கள். அதற்குக் கதவு என்று ஒன்று இருப்பதே தெரியாது. டேக் போடுங்கள், அது கதவோடு கட்டுப்பட்டது, எழுத்தும் கதவின் பராமீட்டரிலிருந்தே (கதவுக்குள் பதிந்த தகவல்) வரும். டேக்கில் கேள்விக்குறி வந்தால் பயப்பட வேண்டாம், அந்தப் பராமீட்டர் காலியாக இருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: ஆட்டோகேடில் அறையின் பரப்பளவை ஃபீல்டாக (தானே புதுப்பிக்கும் எழுத்து) வைத்தேன், இப்போது #### என்று வருகிறது.

பதில்: ஃபீல்டு பிடித்திருந்த பாலிலைனை (அறையின் எல்லைக் கோடு) யாரோ அழித்துவிட்டுப் புதிதாக வரைந்திருப்பார்கள். புதியதோடு மறுபடி இணையுங்கள். எல்லையை மாற்ற வேண்டும் என்றால் அழிக்காமல் இருப்பதையே நீட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பிடிஎஃப் எடுக்கும்போது கோடு தடிமனாக வருகிறது.

பதில்: இது பிரிண்ட் செட்டிங், நான் இதில் தலையிடவில்லை.

கேள்வி: வியூபோர்ட் எழுத்து பெரிதாக இருக்கிறது, டைமென்ஷனை எக்ஸ்புளோட் செய்து சின்னதாக்கலாமா?

பதில்: கூடாது. இரண்டாவது பதிலை முழுசாகப் படித்துவிட்டு மறுபடி வாருங்கள், முதல் பதிலின் கடைசிப் பத்தியையும்.

கேள்வி: ஸ்டெப் ஃபைலில் (மென்பொருள்களுக்கு இடையே மாடலைப் பரிமாறும் ஃபைல்) வந்த டாலரன்ஸ் (அனுமதிக்கும் அளவு வித்தியாசம்) குறிப்புகள் கண்ணுக்குத் தெரிகின்றன, ஆனால் அளவெடுக்கும் மென்பொருள் அவற்றைப் படிக்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: உங்களுக்கு வந்திருப்பது படம் மட்டும். எழுத்துகள் வெறும் கோடுகளாக வரையப்பட்டு அந்த இடத்தில் நிற்கின்றன, இந்த டாலரன்ஸ் எந்த ஃபேஸுக்கு, மதிப்பு எவ்வளவு என்ற செய்தி உள்ளே இல்லை. 2014-இல் வந்த ஏபி242 என்ற ஸ்டெப் வகை படம், செய்தி இரண்டையும் எடுத்துச் செல்லும், ஆனால் ஏற்றுமதி செய்பவர் செமான்டிக் பிஎம்ஐ (கணினி படிக்கக்கூடிய அளவு, டாலரன்ஸ் செய்தி) சேர்த்து அனுப்பியிருக்க வேண்டும். திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் ஒரு டாலரன்ஸைக் கிளிக் செய்து பாருங்கள், அதற்குரிய ஃபேஸ் ஒளிர வேண்டும். ஒளிரவில்லை என்றால் அதுவும் படம்தான், ஏற்றுக்கொள்ளாதீர்கள்.