கணக்கு படித்தால் டீச்சர்தானா?

அன்புள்ள அம்மா,

போன சனிக்கிழமை மகளின் மேற்படிப்பு பற்றிக் கேட்க வந்தீர்கள். நீங்கள் போன் பேச வெளியே போன நேரத்தில், அவள் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு படம் போட்டுக் காட்டினாள். சீப்புப் பல்லைப் போல நெருக்கமாகச் சில கோடுகள், ஒரு இடைவெளி, மறுபடி சீப்பு. கணையத்தின் பீட்டா செல்லில் மின்துடிப்பு இப்படித்தான் கொத்துக் கொத்தாக வரும். ஒவ்வொரு கொத்திலும் கால்சியம் உள்ளே போக, இன்சுலின் வெளியே வரும். "அம்மாவுக்கு சுகர் வந்தப்புறம்தான் சார் இதைத் தேடிப் படிச்சேன்" என்றாள். இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

பயோ-மேத்ஸில் இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு நீட் வேண்டாம் என்கிறாளே, கணக்கு படித்தால் டீச்சர் வேலைதானே என்று கேட்டீர்கள். டீச்சர் வேலை குறைந்ததில்லை. ஆனால் அவள் கேட்பது வேறு: உடலுக்குள் நடப்பதைக் கணிதத்தால் ஆராயும் கணித உயிரியல்.

எர்னஸ்ட் க்னோபில் என்ற விஞ்ஞானி 1970-களில் குரங்குகளிடம் ஒன்றைக் கண்டார். மூளையிலிருந்து அதன் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகும் ஒரு ஹார்மோனை மணிக்கு ஒரு முறை கொடுத்தால் இனப்பெருக்க ஹார்மோன்கள் சுரந்தன. அதையே இடைவிடாமல் செலுத்தினால் சுரப்பு அடங்கிவிட்டது. புராஸ்டேட் புற்றுநோய்க்கும், குழந்தைகள் மிகச் சீக்கிரம் பருவமடைவதற்கும் இன்று தரும் சில ஊசிகள் இந்த அடிப்படையில்தான் வேலை செய்கின்றன. எவ்வளவு கொடுக்கிறோம் என்பதோடு எந்தத் தாளத்தில் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். அந்தத் தாளம் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்கக் கணிதம் வேண்டும். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் கிராசிமிரா சனேவா-அதனாசோவா என்ற கணிதப் பேராசிரியர் இதே ஹார்மோன் துடிப்புக்குச் சமன்பாடு எழுதுகிறார். அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பெர்ட்ராம் கணிதத் துறையில் இருந்துகொண்டே பீட்டா செல், பிட்யூட்டரி, நரம்பு செல் மூன்றையும் ஆராய்கிறார்.

தவறிப்போவதும் இந்த வேலையில் ஒரு பகுதி. பீட்டா செல் துடிப்புக்கு 1983-இல் தெரசா சே, ஜோயல் கைசர் இருவரும் ஒரு கணித மாதிரியை (மாடல்) எழுதினார்கள். செல்லுக்குள் கால்சியம் மெல்ல மெல்ல ஏறித் துடிப்பை நிறுத்துகிறது என்றது அது. பிறகு அளந்து பார்த்தபோது கால்சியம் சட்டென்று ஏறி அப்படியே நின்றது. மாதிரியைத் திருத்த வேண்டி வந்தது, ஆனால் துறையே அதன்மேல்தான் வளர்ந்தது. முதல் விடை தப்பானால் அழும் பிள்ளைக்கு இது கஷ்டம். உங்கள் மகள் அப்படியில்லை என்று எனக்குப் பட்டது.

சரி, கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். பாதை நீளம். பட்டம், முதுகலை, பிஎச்.டி., அதன்பின் ஒப்பந்த ஆய்வுப் பணி என்று நிரந்தர வேலைக்கு முப்பது வயது தாண்டிவிடும். பேராசிரியர் இடங்களும் குறைவு. முதுகலைக்குப் பிறகு எழுதும் நெட் தேர்வில் (நீட் அல்ல) ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. பிஎச்.டி.க்காக நீங்கள் கடன் வாங்க வேண்டியிருக்காது. நடுவில் மனம் மாறினாலும் மருந்து நிறுவனங்களில் மருந்தின் அளவையும் இடைவெளியையும் கணிக்கும் வேலைக்கு இதே கணிதம்தான் தேவை.

இப்போது செய்ய வேண்டியது: ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களின் நுழைவுத்தேர்வை எழுதட்டும், அதில் திருப்பதி ஐசர் உங்களுக்குப் பக்கம். சிறுசேரி சென்னை கணிதவியல் கழகத்துக்கும் தனித் தேர்வு உண்டு. இரண்டும் அமையாவிட்டால் நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், அப்புறம் ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு. தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் கணக்கீட்டு உயிரியலுக்கென்றே ஆய்வுக் குழு இருக்கிறது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உயிரியலைப் பின்னாலும் பிடித்துக்கொள்ளலாம், கணிதத்தில் அடித்தளம் விட்டுப்போனால் பின்னால் பிடிப்பது சிரமம். என் அனுபவத்தில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

நீட்டுக்காக ஒரு வருடம் ரிப்பீட் கோச்சிங் போடுவதை மட்டும் தயவுசெய்து தள்ளிவையுங்கள். அதற்கு முன் ஒரு சோதனை. நரம்புத் துடிப்புக்கு ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற விஞ்ஞானிகள் 1952-இல் தந்த நான்கு சமன்பாடுகளை அவள் பைத்தான் என்ற கணினி மொழியில் ஓட்டிப் பார்க்கட்டும். ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தில் போட்ட கணக்கை உங்கள் வீட்டு லேப்டாப் கண் இமைப்பதற்குள் முடித்துவிடும். எண்களை மாற்றிமாற்றி, துடிப்பு ஏன் நின்றது, ஏன் வேகமானது என்று இரண்டு வாரம் கழித்தும் அவள் அதிலேயே உட்கார்ந்திருக்கிறாளா என்று கவனியுங்கள்.

அடுத்த முறை வரும்போது அப்பாவும் வரட்டும். அந்த ரஃப் நோட்டையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள்.