மாசுபட்ட இடத்தை வாங்கலாமா? அமெரிக்காவில் பழைய கடை, கேஸ் ஸ்டேஷன், தொழிற்சாலை நிலங்கள்: கேள்வி பதில்

பழைய கேஸ் ஸ்டேஷன், ட்ரை க்ளீனிங் கடை, மூடிக்கிடக்கும் தொழிற்சாலை என்று 'பிரவுன்ஃபீல்டு' வகை இடங்களை வாங்க நினைப்பவர்களும், வாங்கிவிட்டு விழிப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை. மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதிப்பது என் தொழில். நான் லாயர் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும், அதனால் பெரிய தொகை போடும் முன் உங்கள் மாநில என்விரான்மென்டல் லாயர் ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, ஒரு ஸ்ட்ரிப் மால் மலிவாக வருகிறது. முன்பு அதில் ட்ரை க்ளீனிங் கடை இருந்ததாம். மண்ணில் ஏதாவது இருந்தாலும் நாங்கள் கொட்டவில்லையே, எங்களை யார் கேட்கப்போகிறார்கள்?

கேட்பார்கள் தம்பி. நயாகரா ஃபால்ஸ் பக்கம், ரசாயனக் கழிவு புதைத்த இடத்தில் குடியிருப்பு வந்த லவ் கனால் விவகாரம் வெடித்த பிறகு, மாசுபட்ட இடங்களைச் சுத்தம் செய்யும் செலவு யார் தலையில் என்று சொல்லும் சூப்பர்ஃபண்ட் சட்டம் 1980-ல் வந்தது. கொட்டியவர் யார் என்பதோடு அது நிற்காது. இன்றைக்கு நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவரையும் பிடிக்கும். கொட்டியது உங்கள் காலத்துக்கு முன்பாக இருந்தாலும் சரி, முழுச் செலவையும் உங்கள் ஒருவர் தலையில் கட்டவும் அதில் இடம் இருக்கிறது. இதற்குப் பயந்தே பழைய தொழிற்சாலை நிலங்களை யாரும் தொடாமல் இருந்தார்கள்.

2002 ஜனவரி 11-ல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட பிரவுன்ஃபீல்டு சட்டம்தான் இதற்கு வழி திறந்தது. மாசு இருப்பது தெரிந்தே வாங்கினாலும், 'போனா ஃபைட் ப்ராஸ்பெக்டிவ் பர்ச்சேசர்' (நல்லெண்ணத்தோடு வாங்குபவர்) என்ற தகுதி உங்களுக்கு இருந்தால் சூப்பர்ஃபண்ட் பொறுப்பு உங்கள் மேல் வராது. அந்தத் தகுதிக்கு முதல் படி, க்ளோசிங்குக்கு (நிலம் உங்கள் பெயருக்கு மாறும் நாளுக்கு) முன்பே ஃபேஸ் ஒன் என்ற சுற்றுச்சூழல் ஆய்வு செய்திருப்பது. க்ளோசிங் முடிந்து மறுநாள் செய்தால்கூட இந்தப் பாதுகாப்புக்கு உதவாது.

ஃபேஸ் ஒன்னில் மண்ணைத் தோண்டமாட்டோம். பழைய ஃபயர் இன்சூரன்ஸ் வரைபடங்கள், ஊர் டைரக்டரிகள், விமானப் படங்கள், அரசுப் பதிவுகள் எல்லாம் பார்ப்போம், இடத்தைச் சுற்றி வருவோம், பழைய ஆட்களிடம் பேசுவோம். ட்ரை க்ளீனிங் கடை என்றால் என் கண் முதலில் போவது மெஷின் நின்ற இடத்துத் தரை விரிசலுக்கும், பின்வாசலுக்கு வெளியே இருக்கும் மண்ணுக்கும்தான். அங்கே பயன்படுத்திய பெர்க்ளோரோஎத்திலீன் என்ற ரசாயனம் தண்ணீரைவிடக் கனமானது. கான்கிரீட்டிலும் இறங்கும், நிலத்தடி நீரைத் தாண்டியும் கீழே போகும். மெஷினிலிருந்து வந்த கழிவு நீரைப் பின்வாசலில் வீசிவிடுவது அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம். உங்கள் விஷயத்தில் ஃபேஸ் ஒன்னோடு நிற்காதீர்கள். துளையிட்டு மண், நீர், மண்ணுக்குள் இருக்கும் ஆவி மூன்றையும் எடுக்கும் ஃபேஸ் டூவும் போங்கள். மலிவு விலை நிஜமாகவே மலிவா என்பது அப்போதுதான் தெரியும்.

வாங்கிய பிறகும் வேலை இருக்கிறது. கசிவு பரவாமல் நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும், அதிகாரிகளை உள்ளே விட வேண்டும், நிலப் பயன்பாட்டுக் கட்டுப்பாடுகளை மதிக்க வேண்டும். இதில் கோட்டைவிட்டால் வாங்கி வைத்த தகுதி போய்விடும். ரிப்போர்ட்டை ஃபைலில் போட்டு மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: விற்பவரிடம் போன வருடம் எடுத்த ஃபேஸ் ஒன் ரிப்போர்ட் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா சார்? இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் மிச்சமாகுமே.

கூடாது. க்ளோசிங் தேதிக்கு ஒரு வருடத்துக்குள் ஆய்வு நடந்திருக்க வேண்டும். அதிலும் நேர்காணல், இடத்தைப் பார்த்தது, அரசுப் பதிவுகள், லியன் தேடல் (சுத்தம் செய்த செலவுக்காக நிலத்தின் மேல் பதிந்த உரிமை உண்டா என்று பார்ப்பது), நிபுணரின் உறுதிமொழி இவையெல்லாம் 180 நாளுக்குள் இருக்க வேண்டும். பழைய ரிப்போர்ட் தகவலுக்கு உதவும், அவ்வளவுதான். புதிதாக எடுக்கும்போது, ஃபேஸ் ஒன்னுக்கான ஏ.எஸ்.டி.எம். ஈ1527-21 தரத்தில் எடுக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேஸ் ஸ்டேஷன் வாங்குகிறோம். இதே விதிதானா?

முழுக்க இல்லை. பெட்ரோலியம் சூப்பர்ஃபண்ட் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. நிலத்தடி டேங்குகளுக்குத் தனிச் சட்டம், தனி நிதி. நீங்கள் போடும் ஒவ்வொரு கேலனிலும் 0.1 சென்ட் ஃபெடரல் டேங்க் கசிவு நிதிக்குப் போகிறது. எரிபொருள் விற்கும் டேங்க் உரிமையாளர் ஒரு கசிவுக்கு 10 லட்சம் டாலர் வரை ஈடுகட்ட வழி வைத்திருப்பதைக் காட்ட வேண்டும். பல மாநிலங்களில் மாநில டேங்க் நிதியே அந்த வழியாக ஏற்கப்படுகிறது.

சிக்கல் எங்கே என்றால், கட்டணம் பாக்கி, கசிவு கண்டறியும் சோதனை விட்டுப்போனது என்று பழைய முதலாளி ஏதாவது தவறவிட்டிருந்தால் அந்த நிதி கைவிரிக்கலாம். ஆகவே மாநில அலுவலகத்தில் அந்த முகவரியின் டேங்க் ஃபைலை முழுவதும் கேட்டு வாங்குங்கள். பழைய கசிவு ஏதாவது இருந்தால் 'நோ ஃபர்தர் ஆக்‌ஷன்' (இனி வேலை தேவையில்லை என்று மாநிலம் தரும்) கடிதம் இருக்கிறதா, அது எந்த டேங்குக்கு, எந்த வருடக் கசிவுக்கு என்று தேதியோடு பாருங்கள். 1990-களின் கசிவுக்குக் கொடுத்த கடிதத்தைக் காட்டி, புதுக் கசிவையும் சேர்த்து விற்கப் பார்ப்பவர்கள் உண்டு.

கேள்வி: சுத்தம் செய்ய ஈ.பி.ஏ. (ஃபெடரல் சுற்றுச்சூழல் அமைப்பு) கிராண்ட் கொடுக்கிறதாமே, நான் எப்படி அப்ளை பண்ணுவது?

தனியாராக நீங்கள் நேரடியாக அப்ளை பண்ண முடியாது. அந்தப் பணம் ஊராட்சி, கவுன்டி, மாநிலம், பழங்குடி அரசு, லாப நோக்கமற்ற அமைப்புகள் ஆகியவற்றுக்குத்தான். 2021 உள்கட்டமைப்புச் சட்டம் இதற்கு 150 கோடி டாலர் ஒதுக்கியது உண்மை. ஆனால் ஈ.பி.ஏ. மதிப்பீட்டில் நாட்டில் இப்படிப்பட்ட இடங்கள் 4.5 லட்சத்துக்கும் மேல், அதனால் போட்டி கடுமை.

உங்களுக்கு இருக்கும் வழி சிட்டி ஹால். கம்யூனிட்டி டெவலப்மென்ட் அலுவலகத்துக்குப் போய் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, அவர்களிடம் அசெஸ்மென்ட் கிராண்ட் மிச்சம் இருக்கிறதா, உங்கள் இடத்தின் ஃபேஸ் ஒன், டூவை அதில் சேர்ப்பார்களா? இரண்டாவது, ரிவால்விங் லோன் ஃபண்ட் இருக்கிறதா? அதிலிருந்து தனியாருக்கும் சுத்தம் செய்யக் குறைந்த வட்டிக் கடன் கிடைக்கும். ஊர் நடுவில் பாழடைந்து கிடக்கும் கட்டடம் என்றால் அவர்களுக்கும் அது தலைவலி. நீங்கள் நினைப்பதைவிட நன்றாகவே பேசுவார்கள்.

கேள்வி: எங்கள் கோயில் கமிட்டி 1950-களில் கட்டிய ஒரு ஆலையை வாங்கி இடிக்க யோசிக்கிறது. நாங்கள் 501(சி)(3), அதாவது லாப நோக்கமற்ற அமைப்பு. எங்களுக்குக் கிராண்ட் உண்டா?

விண்ணப்பிக்கலாம். பிரவுன்ஃபீல்டு விதிகளைத் திருத்தி 2018-ல் வந்த பில்ட் சட்டத்துக்குப் பிறகு உங்களைப் போன்ற அமைப்புகளுக்கு அசெஸ்மென்ட் கிராண்டும் திறந்திருக்கிறது. க்ளீனப் கிராண்டுக்கு நிலம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், அதே சமயம் சூப்பர்ஃபண்ட் சட்டப்படி மாசுக்கு நீங்கள் பொறுப்பாளியாகவும் இருக்கக் கூடாது. அதாவது முறையான ஃபேஸ் ஒன் இல்லாமல் வாங்கினால் கிராண்டும் போச்சு. பக்தர் ஒருவர் நிலத்தை இனாமாகத் தந்தாலும் இதேதான். பத்திரம் பதியும் முன் ஆய்வு.

இடிப்பதற்கு முன் கல்நார் ஆய்வு கட்டாயம். கல்நாரே இல்லை என்று வந்தாலும், குறைந்தது 10 வேலை நாள் முன்னதாக இடிப்பு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பூமி பூஜைக்கு நாள் குறிப்பவர்கள் இதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: சுத்தம் செய்யும் செலவை ஃபெடரல் வரியில் அந்த வருடமே கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு தளத்தில் படித்தேன்.

அது பழைய தளம். செக்‌ஷன் 198 என்ற அந்தச் சலுகை 2011 முடிவோடு காலாவதியாகிவிட்டது. இப்போது பார்க்க வேண்டியது மாநிலத்தை. நியூயார்க்கின் பிரவுன்ஃபீல்டு க்ளீனப் புரோகிராம் கொடுக்கும் வரிச் சலுகை, நீங்கள் கட்ட வேண்டிய வரியே இல்லாவிட்டாலும் ரொக்கமாகத் திரும்பும் வகை. மிச்சிகனில் 1996-ன் ஆக்ட் 381 வழி: நிலம் மேம்பட்டு உயரும் சொத்து வரியிலிருந்து உங்கள் செலவை வருடக்கணக்கில் திருப்பித் தருவார்கள். முதலில் கைக்காசு போட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். வங்கியிடம் இதை வருமானமாகக் காட்டிக் கடன் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: மிச்சிகனில் ஒரு ஒர்க்‌ஷாப் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. எந்த ஆய்வும் செய்யவில்லை. இப்போது என்ன செய்வது அண்ணா?

இதைப் படித்ததும் கன்சல்டன்டைக் கூப்பிடுங்கள். உங்கள் மாநிலத்தில் 'பேஸ்லைன் என்விரான்மென்டல் அசெஸ்மென்ட்' என்று ஒன்று உண்டு. வாங்கிய 45 நாளுக்குள் அதைச் செய்து, 6 மாதத்துக்குள் மாநிலத்திடம் கொடுத்தால் பழைய மாசுக்கு மாநிலச் சட்டத்தில் பாதுகாப்பு கிடைக்கும். ஃபெடரல் பாதுகாப்பு தனி, அதற்கான நேரம் க்ளோசிங்கோடு போய்விட்டது.

கேள்வி: விற்பவர் எல்லாப் பொறுப்பும் தன்னுடையது என்று எழுதித் தருகிறார். போதாதா?

அந்தத் தாள் உங்கள் இருவருக்கும் இடையில்தான். அரசு உங்களிடம் வருவதை அது தடுக்காது. நீங்கள் செலவழித்துவிட்டு அவரைத் துரத்த வேண்டும். நிலத்தை வைத்திருந்த தன் எல்.எல்.சி. கம்பெனியைக் கலைத்துவிட்டுப் போயிருந்தால் யாரைத் துரத்துவது? விலையில் ஒரு பகுதியை எஸ்க்ரோவில் (மூன்றாம் ஆளிடம் பொறுப்பாக) நிறுத்துங்கள். அப்புறம், 1980-களின் நடுப்பகுதிக்கு முந்தைய ஜெனரல் லயபிலிட்டி (பொதுப் பொறுப்பு) இன்சூரன்ஸ் பாலிசிகள் அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். மாசுக்கு முழு விலக்கு எழுதப்படாத காலம் அது. பரணில் கிடக்கும் அந்தத் தாள் சுத்தம் செய்யும் செலவில் பாதிக்கு மேல் கொடுத்த கேஸ்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அப்பா இறந்து நிலம் என் பெயருக்கு வந்திருக்கிறது. அதில் டிரம்கள் புதைத்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

வாரிசாக வந்த நிலத்துக்குச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உண்டு. கசிவு பரவாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. ஆனால் தெரிந்த பிறகு அதைச் சொல்லாமல் விற்றீர்களானால் அந்தப் பாதுகாப்பு அங்கேயே முடிந்தது.

கேள்வி: நான் வாங்கவில்லை, வாடகைக்குத்தான் எடுக்கிறேன். டேகேர் தொடங்க. பக்கத்துக் கடை முன்பு ட்ரை க்ளீனர்ஸ்.

அப்படியானால் சட்டத்தைவிட காற்றைப் பற்றி முதலில் யோசியுங்கள் அம்மா. மண்ணிலிருந்து ஆவி தரை வழியாக மேலே வரும், பக்கத்துச் சுவரோடு நிற்காது. நியூ ஜெர்சியில் கிடி காலேஜ் என்ற டேகேர், முன்பு பாதரச வெப்பமானி தயாரித்த கட்டடத்தில் நடந்தது தெரிந்து 2006-ல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே அந்த மாநிலம் டேகேர் உரிமத்துக்கு முன் இடத்தின் சுற்றுச்சூழல் வரலாற்றைப் பார்க்கும்படி சட்டம் கொண்டுவந்தது. லீஸில் கையெழுத்திடும் முன், தரைக்குக் கீழே எடுத்த ஆவி மாதிரி முடிவுகளை ஓனரிடம் எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றால் அவர் செலவில் எடுக்கச் சொல்லுங்கள். ஆவி வருகிறது என்று தெரிந்தால், மண்ணிலிருந்து வரும் ரேடான் வாயுவுக்குப் போடுவது போலத் தரைக்கடியில் குழாயும் ஃபேனும் வைத்து வெளியே இழுக்கலாம். அந்த ஃபேன் நின்றால் அலாரம் அடிக்கிறதா, அதை யார் பார்ப்பது என்பதையும் லீஸிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.