குட்டன்பெர்க் எடிட்டரின் ஆரம்பப் பதிப்புகளை ஏன் அப்படித் திட்டினார்கள்?

கேள்வி: இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் குட்டன்பெர்க் எடிட்டருக்கு (பதிவு எழுதும் கருவி), அதன் பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) பக்கத்தில் 5-க்கு 2 நட்சத்திரம் அளவில்தான் மதிப்பீடு இருக்கிறது. ஆனால் இன்று வேர்ட்பிரஸைத் திறந்தாலே அதுதான் வருகிறது. சோதனைக் காலத்தில் என்னதான் நடந்தது? அந்த விமர்சனங்கள் நியாயமானவையா?

பாதி நியாயம். எந்தப் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சின்னக் கடைகள், பள்ளிகள், கிளினிக்குகளுக்கு வேர்ட்பிரஸில் தளம் அமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. அதனால் 2017, 2018 இரண்டு வருடமும் இந்தச் சண்டையைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒற்றை நட்சத்திரம் போட்டவர்களில் கணிசமானோர் அந்த எடிட்டரைத் திட்டவில்லை, அது தங்கள் தலையில் வந்து இறங்கிய விதத்தைத் திட்டினார்கள் என்பது என் கணிப்பு. இரண்டு கோபமும் ஒரே பெட்டியில் விழுந்ததால், உண்மையான குறையைச் சொன்னவர்களின் குரலும் அந்தக் கூச்சலோடு சேர்ந்து போய்விட்டது.

கொஞ்சம் பின்கதை. 2003-இல் தொடங்கிய வேர்ட்பிரஸில் வெகுகாலம் டைனிஎம்சிஇ என்ற ஒரே பெரிய எழுத்துப் பெட்டிதான். மேலே தடித்த எழுத்து, சாய்வெழுத்து என்று சில பொத்தான்கள், கீழே வெள்ளைப் பரப்பு. பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரிக்க ஷார்ட்கோடுகளோடு (சதுர அடைப்புக்குறிக்குள் எழுதும் குறுங்கட்டளைகள்) மல்லுக்கட்ட வேண்டும். அதற்குள் விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ் போன்ற போட்டிச் சேவைகள் எல்லாம் இழுத்துப் போட்டுப் பக்கம் கட்டும் வசதியோடு வந்துவிட்டன. 2016 டிசம்பரில் வேர்ட்பிரஸின் நிறுவனர்களில் ஒருவரான மாட் முல்லன்வெக், அடுத்த கட்ட வேலைகளில் எடிட்டரும் ஒன்று என்று அறிவித்தார். 2017 ஜூனில் பாரிஸில் நடந்த வேர்ட்கேம்ப் ஐரோப்பா மாநாட்டில் குட்டன்பெர்க் ஒரு பிளகினாகச் சோதனைக்கு வந்தது. யார் வேண்டுமானாலும் நிறுவிப் பார்க்கலாம், குறை சொல்லலாம்.

சொன்னார்கள். நிறையவே சொன்னார்கள்.

குட்டன்பெர்க்கில் ஒவ்வொரு பத்தியும், படமும், தலைப்பும் தனித்தனி பிளாக். எழுதுகிறவர்களுக்கு முதல் எரிச்சல் அங்கேதான். ஒரு பத்தியின் நடுவிலிருந்து அடுத்த பத்தியின் நடுவரை இழுத்துத் தேர்ந்தெடுக்க முடியாது. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் இரண்டு பிளாக்கும் முழுசாகத் தேர்வாகிவிடும். நீளமாக எழுதித் திருத்துகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்பது, அந்த வேலை செய்யாதவர்களுக்குப் புரியவே புரியாது. சுட்டியை மேலே கொண்டுபோனால் பெட்டிக் கோடுகள் மின்னும், மிதக்கும் கருவிப்பட்டை மேல்வரியை மறைக்கும், வெளியிடுவதற்கு ஒரே பொத்தானை இரண்டு முறை அழுத்த வேண்டும். நீளக் கட்டுரையில் தட்டச்சு தள்ளாடும். என் வாடிக்கையாளர் பள்ளி ஒன்றில் சுற்றறிக்கை போடும் அலுவலகப் பெண்ணிடம் சோதனைத் தளத்தைக் காட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "சார், அந்தப் பழைய பெட்டி எங்க போச்சு?" என்று கேட்டார். அவருக்கு வேண்டியது நாலு வரியும் ஒரு பிடிஎஃப் இணைப்பும். பிளாக் என்ற யோசனையே அவருக்குத் தேவையில்லாத ஒன்று.

இதெல்லாம் நேரடியான, சரிசெய்யக்கூடிய குறைகள். இவற்றைக் குறிப்பாக எழுதியவர்களுக்குப் பலனும் கிடைத்தது. சில சமயம் ரொம்பத் தாமதமாக. பத்திகள் தாண்டித் தேர்ந்தெடுக்கும் வசதி ஒருவழியாக 2022 மே மாதம் வெளிவந்த 6.0 பதிப்பில்தான் சேர்ந்தது.

டெவலப்பர்களின் கவலை வேறு. பழைய எடிட்டரின் கீழே மெட்டாபாக்ஸ் என்று கூடுதல் பெட்டிகள் வருமே, பல வணிகத் தளங்கள் உயிர்வாழ்வதே அவற்றில்தான். பொருளின் விலை, மருத்துவரின் நேரம், தேடுபொறிக்கான விவரம் எல்லாம் அங்கேதான் நிரப்புவார்கள். குட்டன்பெர்க்கின் முதல் பதிப்புகளில் அவற்றுக்கு இடமே இல்லை. சில மாதம் கழித்து ஒரு ஏற்பாடு வந்தது, அதற்கப்புறமும் அதை மாற்றி மாற்றி அமைத்தார்கள். வேர்ட்பிரஸின் அடிப்படை நிரல் மொழியான பிஎச்பி மட்டும் தெரிந்து பத்து வருடம் பிழைத்தவர்கள், இனி ஜாவாஸ்கிரிப்ட் மொழியும், குட்டன்பெர்க் கட்டப்பட்ட ரியாக்ட் என்ற நிரல் நூலகமும் கற்காவிட்டால் பிழைப்பு போய்விடுமோ என்று பயந்தார்கள். அந்தப் பயமும் ஒற்றை நட்சத்திரமாகத்தான் வெளிவந்தது. பிளாக்கின் நிரலை லேசாக மாற்றினாலே பழைய பதிவுகளில் "எதிர்பாராத அல்லது செல்லாத உள்ளடக்கம்" என்று எச்சரிக்கை வரும். சொந்தமாக பிளாக் எழுதிப் பார்த்த யாரும் அந்த எச்சரிக்கைப் பெட்டியை மறந்திருக்க மாட்டார்கள்.

ரியாக்ட் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், சமூகத்தின் குரல் பலித்த கதை அது. ரியாக்ட் அப்போது ஃபேஸ்புக்கின் பி.எஸ்.டி. உரிமத்தில், காப்புரிமை பற்றிய கூடுதல் நிபந்தனையோடு இருந்தது. ஃபேஸ்புக் மீது காப்புரிமை வழக்குப் போட்டால் அந்தக் காப்புரிமை அனுமதி ரத்தாகும். 2017 ஜூலையில் திறந்த மூல மென்பொருள்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளை தன் திட்டங்களில் இந்த உரிமம் கூடாது என்றது. செப்டம்பர் நடுவில் முல்லன்வெக், குட்டன்பெர்க்கும் ரியாக்ட்டை விட்டு விலகும், அதனால் தாமதமானாலும் பரவாயில்லை என்று எழுதினார். அடுத்த சில நாட்களிலேயே ஃபேஸ்புக் ரியாக்ட்டை அந்த நிபந்தனை இல்லாத எம்.ஐ.டி. உரிமத்துக்கு மாற்றுவதாக அறிவித்தது. குட்டன்பெர்க் ரியாக்ட்டிலேயே தொடர்ந்தது.

பாராட்டும் இருந்தது, அது சத்தம் போடவில்லை, அவ்வளவுதான். வேர்டிலிருந்தோ கூகுள் டாக்ஸிலிருந்தோ ஒட்டினால் குப்பை நிரல் இல்லாமல் சுத்தமாக வந்தது. சாய்கோட்டைத் தட்டிப் பெயரை எழுதினால் பிளாக் வந்து நின்றது. ஷார்ட்கோடு நினைவில் வைக்கத் தேவையில்லை. எனக்குப் பிடித்தது வேறொன்று, அதைப் பற்றி அப்போது யாரும் அதிகம் பேசவில்லை. பிளாக்குகளின் எல்லையை எச்டிஎம்எல் குறிப்புகளாகப் பதிவுக்குள்ளேயே எழுதினார்கள். பிளகினைத் தூக்கி எறிந்தாலும் கட்டுரை படிக்கிற நிலையிலேயே இருக்கும். அன்றைய பேஜ் பில்டர் (பக்கம் கட்டும்) பிளகின்கள் சிலவற்றை நிறுத்தினால் பக்கம் முழுக்க சதுர அடைப்புக்குறிகளாக மிஞ்சும். அதை ஒருமுறை சுத்தம் செய்தவனுக்கு இதன் அருமை தெரியும்.

இப்போது உண்மையான காயத்துக்கு வருவோம். பார்வையற்றவர்கள், விசைப்பலகையால் மட்டும் இயங்குகிறவர்கள் இவர்களுக்கெல்லாம் பழைய எடிட்டர் அழகாக இல்லாவிட்டாலும் வேலை செய்தது. ஒரு பெட்டி, அதற்குள் எழுத்து, திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் வரிசையாகப் படிக்கும். குட்டன்பெர்க்கில் எழுத்தும் அமைப்புப் பலகையும் கருவிப்பட்டையும் தனித்தனி இடங்களில். ஒரு பத்தியிலிருந்து அதன் நிற அமைப்புக்குப் போக விசையை எத்தனை முறை தட்டுவது, திரும்பி எழுதின இடத்துக்கு எப்படி வருவது? இதை, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் வேர்ட்பிரஸின் அணுகல்தன்மைக் குழுவினர் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். நிரலோ ரியாக்ட்டில் வாரத்துக்கு வாரம் மாறியது. அந்தக் குழுவை வழிநடத்திய ரியான் ரீட்வெல்ட் 2018 அக்டோபரில் பொறுப்பிலிருந்து விலகி, ஏன் என்று விரிவாக எழுதினார். ரியாக்ட் தெரிந்த அணுகல்தன்மை ஆட்கள் கிடைக்காததும், சொன்னவை தாமதமாகவே காதில் ஏறியதும் அதில் முக்கியமானவை. வெளியீட்டுக்கு முன் வெளித் தணிக்கை ஒன்று வைக்கலாம் என்ற பேச்சு எழுந்து, அப்புறம் கைவிடப்பட்டது. கடைசியில் உயர்கல்வி நிறுவனங்களில் வேர்ட்பிரஸ் பயன்படுத்துவோரின் டபிள்யூபிகேம்பஸ் என்ற அமைப்பு நிதி திரட்டி, டெனான் என்ற நிறுவனத்தை வைத்துத் தணிக்கை செய்து 2019 மே மாதம் வெளியிட்டது. பல்கலைக்கழகங்களுக்கு இதில் ஏன் இத்தனை அக்கறை என்றால், மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டாத தளம் வைத்திருப்பது அமெரிக்காவில் வழக்கு வரைக்கும் போகும்.

இந்த விமர்சனத்தை "மாற்றத்தை விரும்பாதவர்களின் புலம்பல்" என்ற கணக்கில் சேர்த்தது பெரிய அநியாயம். அன்று அப்படிச் சேர்த்தவர்கள் நிறையப் பேர்.

மீதிக் கோபம் எல்லாம் தேதியைப் பற்றியது. 2018 ஆகஸ்டில் 4.9.8 பதிப்பு வந்ததும், தள நிர்வாகிகளின் முகப்புப் பலகையில் "குட்டன்பெர்க்கை முயன்று பாருங்கள்" என்று அழைப்பு வந்தது. அதுவரை ஆர்வலர்கள் மட்டும் பார்த்ததை அப்போதுதான் சாதாரண மக்கள் பார்த்தார்கள். விமர்சனங்கள் கொட்ட ஆரம்பித்தன. குட்டன்பெர்க் வேர்ட்பிரஸுக்குள்ளேயே சேரவிருந்த 5.0 பதிப்புக்கு நவம்பர் 19 என்று குறித்தார்கள், பிறகு நவம்பர் 27. அதையும் தவறினால் ஜனவரி 22 என்று முதல் அட்டவணையிலேயே இருந்தது. நவம்பர் 27-உம் தவறியது. சரி, ஜனவரிதான் என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். யோஸ்ட் என்ற பிரபல பிளகினை உருவாக்கிய யூஸ்ட் டி வால்க் போன்றவர்கள் ஜனவரிக்குத் தள்ளச் சொல்லி வெளிப்படையாகவே எழுதினார்கள். ஆனால் டிசம்பர் முதல் வாரத்தில், சில நாள் முன்னறிவிப்போடு, டிசம்பர் 6 என்றார்கள். மறுநாள் நாஷ்வில்லில் வேர்ட்கேம்ப் மாநாடு. பிளகின் எழுதுகிற பலர் விமானத்தில் இருந்த நேரம். கடைக்காரர்களுக்கு கிறிஸ்துமஸ் விற்பனை உச்சத்தில் இருந்த நேரம். முகூர்த்தத்தைக் குறித்துவிட்டு மாப்பிள்ளை தேடுவது என்பார்களே, அதுதான்.

ஆக, அந்த நேரத்து ஒற்றை நட்சத்திரங்களைப் படித்தால் எடிட்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதவை பல இருக்கும். "எங்களைக் கேட்டீர்களா?" என்பதுதான் சாரம். திறந்த மூலம் என்றால் கேட்பார்கள் என்ற எதிர்பார்ப்பு இருக்கும் இல்லையா. நிரல் திறந்திருந்தது, விவாதமும் திறந்திருந்தது, முடிவெடுக்கும் அறைக்கு மட்டும் கதவு சின்னது. கோபம் முற்றி ஒரு கூட்டம் கிளையே பிரிந்து போனது: 4.9-ஐ அடிப்படையாக வைத்து 2018-இல் தொடங்கிய கிளாசிக்பிரஸ் இன்றும் இயங்குகிறது. அவ்வளவு தூரம் போக மனமில்லாதவர்கள், பழைய எடிட்டரைத் திருப்பித் தரும் கிளாசிக் எடிட்டர் பிளகினைப் போட்டுக்கொண்டார்கள். 50 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் ஓடுகிற பிளகின் அது. 2021 வரைதான் ஆதரவு என்று சொல்லியிருந்தார்கள், பிறகு நீட்டித்தார்கள். என்னிடம் உள்ள சில தளங்களிலும் அது இருக்கிறது, நான் எடுக்கப் போவதில்லை. அந்தப் பள்ளித் தளமும் அதில் ஒன்று.

அவசரமாக வெளியிட்டார்கள் என்பதற்கு அவர்களே கொடுத்த சாட்சியும் உண்டு. 5.0 வந்து இரண்டு வாரத்துக்குள், டிசம்பர் 19-இல் 5.0.2 வந்தது. 200 பிளாக் உள்ள பதிவில் எடிட்டர் 330 சதவீதம் வேகமாகியிருக்கிறது என்று பெருமையாக அறிவித்தார்கள். அந்த வேகம் இரண்டு வாரம் முன்னால் எங்கே இருந்தது என்று நான் மட்டும் கேட்கவில்லை.

அப்போ அந்த 2 நட்சத்திரம்? இன்றைய எடிட்டரை அளக்க அது உதவாது. பிளகின் பக்கத்தில் காட்டுவது ஆரம்பம் முதல் விழுந்த எல்லா நட்சத்திரங்களின் சராசரி, 2018-இல் விழுந்தவை அப்படியே கிடக்கின்றன. அதோடு, எடிட்டர் வேர்ட்பிரஸுக்குள்ளேயே போய்விட்டதால், அதை நிம்மதியாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு அந்தப் பிளகின் பக்கத்துக்குப் போக எந்தக் காரணமும் இல்லை. இப்போது அந்தப் பிளகினை நிறுவுகிறவர்கள் பெரும்பாலும், அடுத்து வரப்போகும் அம்சங்களை முன்கூட்டியே சோதிக்கிற டெவலப்பர்கள்தான்.

வரலாறு தெரிய வேண்டுமென்றால் ஒற்றை நட்சத்திரத்தையும் ஐந்து நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு, 2017 கடைசியிலும் 2018 தொடக்கத்திலும் எழுதப்பட்ட இரண்டு, மூன்று நட்சத்திர விமர்சனங்களை எடுத்துப் படியுங்கள். எந்தத் தளத்தில், எந்தப் பிளகினோடு, என்ன செய்தபோது எது உடைந்தது என்று பொறுமையாக எழுதியிருப்பார்கள்.