சோலார் பம்ப்: முதலில் கிணற்றை அளந்து பாருங்கள்

கேள்வி: கென்யாவின் நைரோபியில் வேலை பார்க்கிறேன். மச்சாக்கோஸ் பகுதியில் ஒரு பெண்கள் குழு, பருவ ஆற்றங்கரைக் கிணற்றிலிருந்து டீசல் எஞ்சினால் நீர் இறைத்து அரை ஏக்கரில் சுக்குமா கீரையும் தக்காளியும் பயிரிடுகிறது. டீசல் செலவு கட்டுப்படியாகவில்லை. ஒன்றரைக் குதிரைத்திறன் சோலார் பம்பும் பேட்டரியும் தவணைக்குத் தருகிறேன் என்கிறார் ஒரு விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: டீசலை விடுவது நல்ல முடிவு. ஆனால் அந்தப் பம்பை வாங்க வேண்டாம். பேட்டரி தேவையே இல்லை. விற்பனையாளர் வெயிலைக் கணக்குப் பார்த்திருக்கிறார், கிணற்றைப் பார்க்கவில்லை.

டீசல் எஞ்சின் ஓடும்போது காசு கரைகிறதே என்று நாமே நிறுத்திவிடுவோம். சோலாருக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. கென்யாவின் வறண்ட கிழக்கும் வடக்கும் 2020 அக்டோபர் முதல் 2022 முடியும்வரை தொடர்ந்து ஐந்து மழைப்பருவங்களை இழந்தன. அப்படிப்பட்ட மண்ணில் கிணற்றின் ஊற்றுதான் கையிருப்பு.

செப்டம்பர் கடைசியில், குறுமழை (ஆண்டுக் கடைசியில் வரும் சிறிய மழைப்பருவம்) தொடங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். காலையில் கிணற்றை எஞ்சினால் அடிவரை இறைத்துவிட்டு, கல் கட்டிய கயிற்றை இறக்கி நீர்மட்டத்தில் முடிச்சுப் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி இறக்குங்கள். கிணற்றின் குறுக்களவு ஒன்றரை மீட்டர், நீர் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது என்றால் ஊறியது ஏறத்தாழ 350 லிட்டர். இருபத்துநான்கு மணி நேரத்துக்கு 8,400 லிட்டர். ஆனால் மட்டம் உயர உயர ஊற்று தளரும். 6,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வதே பத்திரம்.

அரை ஏக்கர் காய்கறிக்கு, நாளுக்கு 5 மில்லிமீட்டர் வீதம், சுமார் 10,000 லிட்டர் வேண்டும். ஆக, இந்த அளவு ஊறும் கிணறு மழையில்லாத மாதங்களில் கால் ஏக்கரைத்தான் தாங்கும். இதைக் குழுவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பயிர் வாடிய பிறகு சொல்வது கொடுமை.

இனி பம்ப். கிணற்று ஆழம், மேட்டுத் தொட்டி, குழாய் உராய்வு எல்லாம் சேர்த்து 30 மீட்டர் என்று கொள்வோம். 6,000 லிட்டரை அந்த உயரத்துக்கு ஏற்ற, பம்பின் விரயங்களையும் சேர்த்து, நாளுக்கு 1.2 யூனிட் மின்சாரம் போதும். 400 வாட் சோலார் பலகை இதைத் தந்துவிடும். விற்பனையாளர் சொல்லும் பம்ப் மணிக்கு 5,000 லிட்டருக்கு மேல் இழுத்து, உங்கள் கிணற்றைச் சீக்கிரமே வற்றவைத்துவிடும். வறண்டு ஓடினால் பம்பும் கருகும். சின்னப் பம்பாக இருந்தாலும் நீர் தீர்ந்ததும் பம்பைத் தானே நிறுத்தும் உணரி (சென்சார்) கட்டாயம் வேண்டும்.

பலகையின் அளவை ஜூலை மாதத்தை வைத்தே முடிவு செய்யுங்கள். மச்சாக்கோஸில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையும் இருக்காது, வானமும் மூடியே கிடக்கும். பயிர் தண்ணீர் கேட்கும் நேரம் அது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் பலகையைக் கிடையாகப் போடத் தோன்றும். பத்து டிகிரியாவது சாய்த்தால்தான் மழை புழுதியைக் கழுவும்.

பேட்டரிப் பணத்தில் தொட்டி கட்டுங்கள். பகலில் ஏறிய நீர் மாலையில் சொட்டுநீர்க் குழாய்க்குத் தானாக இறங்கும். தொட்டி பல ஆண்டுகள் நிற்கும். ஈய அமில பேட்டரி அந்த வெக்கையில் சில ஆண்டுகளில் படுத்துவிடும்.

மிச்சப் பணம் இருந்தால் ஆற்றுக்குச் செலவிடுங்கள். அங்குள்ள கம்பா மக்கள் பருவ ஆற்றின் குறுக்கே மணல் அணை கட்டுவதில் கைதேர்ந்தவர்கள். அணைக்குப் பின்னால் சேரும் மணலின் இடுக்குகளில் நீர் தங்கும், வெயில் அதை எளிதில் குடிக்க முடியாது. அக்கம்பக்கக் கிணறுகளின் மட்டமும் உயரும். நைரோபிக் கட்டடங்களுக்காக அந்த மணலை லாரி லாரியாக அள்ளிப்போவதுதான் எனக்குப் பொறுக்காதது. உங்கள் ஆற்றில் அது நடந்தால் பம்ப் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் அதைத் தடுக்கப் பாருங்கள்.

பலகையையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் கரையில் வைக்காதீர்கள். 2024 ஏப்ரல், மே வெள்ளம் எதுவரை ஏறியது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு அதற்கு மேலே வையுங்கள். மோட்டாரால் இறைத்துப் பாசனம் செய்ய அனுமதி வேண்டுமா என்று கென்யாவின் நீர்வள ஆணையத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தவணை ஒப்பந்தத்தில் ஒன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: தவணை தவறினால் பம்பைத் தொலைவிலிருந்தே முடக்குவார்களா? அப்படியானால், மாதத் தவணையை அறுவடைத் தவணையாக மாற்றச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு விற்பனையாளரைப் பாருங்கள்.