உர மானியப் பட்டியலைக் காட்டமாட்டோம் என்றால் என்ன செய்வது?

கேள்வி: கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் இடத்தில் 3 ஏக்கர் வயலைக் குத்தகைக்குச் செய்கிறேன். பெரும்போக உர மானியம் எனக்கு வரவில்லை. வயல் பக்கமே வராத சிலருடைய கணக்குக்குப் பணம் போயிருக்கிறது என்று கமக்கார அமைப்பில் பேச்சு. கமநல அலுவலகத்தில் பட்டியலைக் கேட்டால், "அது தனிப்பட்ட தகவல், தரமுடியாது" என்கிறார்கள். என்ன செய்யலாம் அம்மா?

பதில்: ஐயா, அவர்கள் வாயால் சொன்ன மறுப்போடு விட்டுவிடாதீர்கள். நீங்களும் வாயால்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், இனி எழுத்தில் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது, கமநல அலுவலகங்களும் அதற்குக் கட்டுப்பட்டவைதான். நீங்கள் இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை.

தனிப்பட்ட தகவல் என்ற விதிவிலக்கு அந்தச் சட்டத்தின் 5 ஆம் பிரிவில் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அதை முழுதாக வாசிக்க வேண்டும்: பொது நடவடிக்கையோடோ பொது நலனோடோ தொடர்பில்லாத, அல்லது ஒருவருடைய அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடுகிற தகவலைத்தான் மறுக்கலாம், அதிலும் பொது நலன் பெரிதாக இருந்தால் கொடுத்தே ஆகவேண்டும். 2024/25 பெரும்போகத்துக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா என்று, ஒருவருக்கு 2 ஹெக்டேயர் வரைக்கும் அரசாங்கம் கொடுத்த பணம் மக்களின் வரிப்பணம். உங்கள் 3 ஏக்கருக்கே கிட்டத்தட்ட 30,000 ரூபா வருகிறது. அதை யார் வாங்கினார் என்பது எப்படி ஒருவரின் வீட்டு விஷயமாகும்? எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

ஆனால் கேட்கிற விதத்தில் கவனம் வேண்டும். வங்கிக் கணக்கு இலக்கம், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் எதையும் கேட்காதீர்கள், அவை உங்களுக்குத் தேவையுமில்லை, மறுப்பதற்கு அவர்களுக்கு வழிதான் கிடைக்கும். எந்தப் போகம், எந்தக் கமக்கார அமைப்பு, பெறுநரின் பெயர், எத்தனை ஏக்கருக்கு, எவ்வளவு பணம், எந்தத் திகதியில். இவ்வளவுதான். பட்டியலில் மறைக்கவேண்டியது ஏதும் இருந்தால் அதை மறைத்துவிட்டு மீதியைத் தரவேண்டும் என்று 6 ஆம் பிரிவு சொல்கிறது, அதையும் கடிதத்தில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

கடிதத்தைத் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள், தமிழும் அரசகரும மொழிதான். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். மறுத்தால், அல்லது பேசாமல் இருந்தால், 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு, அதாவது இப்படியான மேன்முறையீடுகளைப் பார்க்க அதே நிறுவனத்தில் நியமிக்கப்பட்டவருக்கு, மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். திகதிகளைத் தவறவிட்டுத்தான் பலருடைய நல்ல வழக்குகள் வீணாகின்றன, ஆகவே கலண்டரில் குறித்துவையுங்கள்.

அப்புறம் ஒன்று. பட்டியல் கிடைத்தாலும் உங்கள் 30,000 ரூபா தானாக வராது. அது வேறு வேலை. வயற்காணிப் பதிவேட்டில் அந்த 3 ஏக்கருக்குப் பயிர் செய்பவராக யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், காணிக்காரர் பெயரே இருக்கிறது என்றால் பணம் அவருக்குப் போனதில் ஆச்சரியமில்லை. உங்கள் குத்தகை வாய்ப்பேச்சா, எழுத்தா என்று நீங்கள் சொல்லவில்லை. வாய்ப்பேச்சு என்றால் குத்தகை கொடுத்த ரசீது, விதை வாங்கிய பில், பக்கத்து வயல்காரரின் வாக்குமூலம் எல்லாவற்றையும் இப்போதே சேர்த்துவையுங்கள், அடுத்த போகம் தொடங்குவதற்கு முன் பெயரைத் திருத்தித் தரும்படி தனிக் கடிதம் கொடுங்கள்.

இரண்டு கடிதத்தையும் கையில் கொண்டுபோனால், உங்கள் பிரதியில் திகதி முத்திரை அடித்து வாங்காமல் வெளியே வராதீர்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரமாக வையுங்கள்.